முதுகு ஆபரேஷனுக்குச் சரி சொல்லும் முன்

"டிஸ்க் விலகியிருக்கிறது, ஆபரேஷன் செய்துவிடலாம்" என்று டாக்டர் சொன்ன அன்றே வீட்டில் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். "முதுகுல கத்தி பட்டா அப்புறம் எழுந்து நடக்கவே முடியாது" என்று பெரியம்மா பயமுறுத்துவார். "எத்தனை நாள்தான் வலியோட கிடப்பே, பண்ணிட்டு வந்துடு" என்று அண்ணன் அவசரப்படுத்துவார். இருவரும் அக்கறையில்தான் பேசுகிறார்கள். ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை இருவருமே கேட்பதில்லை. இந்த ஆபரேஷன் என்னுடைய எந்தத் தொந்தரவைச் சரிசெய்யப் போகிறது? முதுகு வலியையா, கால் வலியையா, மரத்துப்போவதையா, நடக்க முடியாமல் போவதையா? இதற்குப் பதில் தெரியாதவரை ஆபரேஷன் நல்லதா கெட்டதா என்று விவாதிப்பதில் பயனில்லை.

இங்கே நான் எழுதுவது கீழ் முதுகைப் பற்றி மட்டும். அதாவது இடுப்புப் பகுதியில் டிஸ்க் பிதுங்குவது, நரம்புப் பாதை குறுகுவது ஆகிய இரண்டுக்கும் செய்யப்படும் ஆபரேஷன்கள். விபத்தில் எலும்பு முறிவது, கட்டி, கூன், கழுத்துப் பிரச்சினை ஆகியவற்றின் கணக்கே வேறு.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. மேலிருந்து எல்1, எல்2 என்று எண்ணிக்கொண்டு எல்5 வரை வருவார்கள். அதற்குக் கீழே இருக்கும் முக்கோண எலும்பின் முதல் பகுதி எஸ்1. ஒவ்வோர் எலும்புக்கும் அடுத்த எலும்புக்கும் நடுவில் ஒரு டிஸ்க் இருக்கிறது. ஜவ்வு என்று நாம் சொல்வது இதைத்தான். வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே மெதுவான கூழ். இவற்றுக்குப் பின்னால் மேலிருந்து கீழாக ஓடும் கால்வாய்க்குள்தான் நரம்புகள் இறங்குகின்றன. நார் வளையம் கிழிந்து கூழ் பின்பக்கம் பிதுங்கினால், பக்கத்தில் போகும் நரம்பின் வேரை அழுத்தும். அழுத்துவதோடு நிற்காமல் அங்கே ஓர் அழற்சியையும் கிளப்பிவிடும். வலி இத்தனை கடுமையாக இருப்பதற்கு அந்த அழற்சியும் ஒரு காரணம். பெரும்பாலான டிஸ்க் பிதுக்கங்கள் எல்4-எல்5, எல்5-எஸ்1 ஆகிய கடைசி இரண்டு இடங்களில்தான் வருகின்றன.

பெரியம்மாவின் பயத்துக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். மூளையிலிருந்து வரும் தண்டுவடம் இடுப்பு வரை முழுதாக இறங்குவதில்லை. பெரியவர்களுக்கு அது எல்1, எல்2 அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே, நீர் நிறைந்த ஓர் உறைக்குள் தனித்தனி நரம்பு இழைகள் கற்றையாகத் தொங்குகின்றன. எல்4-எல்5 டிஸ்கை எடுக்கும்போது டாக்டரின் கருவி போகும் இடத்தில் தண்டுவடமே இல்லை. அதற்காக ஆபத்தே கிடையாது என்று சொல்ல மாட்டேன். ஒரு நரம்பு வேர் காயப்பட்டால் பாதம் பலவீனப்படலாம். ஆனால் ஊரில் பேசிக்கொள்கிற மாதிரி இரண்டு காலும் விழுந்து படுத்த படுக்கையாவது இந்த ஆபரேஷன்களில் மிக அரிது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். முதுகிலேயே நிற்கும் வலி ஒன்று. பிட்டத்தில் தொடங்கி, தொடைக்குப் பின்னால் இறங்கி, முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை சுரீர் என்று ஓடும் வலி இன்னொன்று. முன்னது தசை, தசைநார், மூட்டு, டிஸ்க் என்று எதிலிருந்து வேண்டுமானாலும் வரலாம். பெரும்பாலானவர்களுக்கு இன்ன இடத்திலிருந்துதான் வருகிறது என்று எந்தப் பரிசோதனையாலும் துல்லியமாகச் சுட்டிக்காட்ட முடியாது. இரண்டாவது வலி நரம்பு வேர் அழுந்துவதால் வருவது. சயாட்டிகா என்பது இதுதான். அழுந்திய நரம்பை விடுவிப்பதில் அறுவை சிகிச்சை கெட்டிக்காரத்தனமானது. வெறும் முதுகு வலியைப் போக்குவதில் அதன் கை அவ்வளவு ஓங்கியதில்லை. ஆபரேஷன் முடிந்து, "கால் வலி போச்சு, ஆனா முதுகு வலி அப்படியே இருக்கு" என்று வருந்துகிறவர்கள் பலர். அந்த ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது. அந்த ஆபரேஷனால் எது போகும், எது போகாது என்பதை அவர்களிடம் முன்பே யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை.

நரம்புதான் அழுந்துகிறதா, எந்த நரம்பு என்பதை நல்ல டாக்டர் ஸ்கேனைப் பார்ப்பதற்கு முன்பே பாதி கண்டுபிடித்துவிடுவார். மல்லாந்து படுக்கச் சொல்லி, முழங்காலை மடக்காமல் காலை மெல்லத் தூக்குவார். முப்பது டிகிரிக்கு மேல் போனதும் முழங்காலுக்குக் கீழே மின்சாரம் பாய்ந்த மாதிரி வலித்தால் நரம்பு வேர் இழுபடுகிறது என்று சந்தேகிப்பார். பிறகு கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லித் தன் விரலால் அதை அழுத்துவார். எளிதாக மடங்கிவிட்டால் எல்5 நரம்பில் பலம் குறைந்திருக்கிறது. குதிகாலைத் தூக்கி முன்னங்காலில் நடக்க முடியவில்லை, கணுக்காலுக்குப் பின்னால் சின்னச் சுத்தியலால் தட்டினால் பாதம் துள்ளவில்லை என்றால் எஸ்1. மரத்துப்போகும் இடமும் பேசும். பாதத்தின் மேற்பக்கம், கட்டைவிரல் ஓரம் என்றால் எல்5. சுண்டுவிரல் ஓரம், உள்ளங்கால் என்றால் எஸ்1. இத்தனைக்கும் பத்து நிமிடம் போதும். காலைத் தொட்டே பார்க்காமல், ஸ்கேன் படத்தை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஆபரேஷன் தேதி கொடுத்தால், தயங்காமல் இன்னொரு டாக்டரிடம் போங்கள்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைப் போல மனிதரைக் கலங்க வைக்கும் காகிதம் வேறில்லை. "எல்3-எல்4, எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ், டீஜெனரேட்டிவ் மாற்றங்கள், தீகல் உறை மீது அழுத்தம்" என்று வரிசையாக அச்சடித்திருப்பார்கள். வாசிப்பவருக்கு முதுகெலும்பே நொறுங்கிவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் 1994-இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கும் சற்று அதிகமானவர்களுக்கு ஓர் இடத்திலாவது டிஸ்க் உப்பியிருந்தது. நான்கில் ஒருவருக்கு மேல் பிதுங்கியே இருந்தது. 2015-இல், வலி இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன் முடிவுகளை ஒன்றாகத் தொகுத்தபோது, இருபது வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. எண்பது வயதில் அது 96 சதவீதம். தலை நரைப்பது போல முதுகும் வயதைக் காட்டுகிறது. அதனால் ரிப்போர்ட்டில் இருப்பதெல்லாம் நோய் ஆகிவிடாது. இடது காலில் பெருவிரல் வரை வலி, பரிசோதனையில் எல்5 பலவீனம், ஸ்கேனிலும் எல்4-எல்5 இடப்பக்கம் பிதுக்கம் என்று மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். வலி இடது பக்கம், பிதுக்கம் வலது பக்கம் என்றால் ஆபரேஷன் அந்த வலியைப் போக்காது.

ஸ்கேன் வேறு விதத்தில் உயிர் காக்கவும் செய்யும். படுத்தாலும் குறையாமல் ராத்திரியெல்லாம் வலி, மாலை நேரக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு எப்போதோ புற்றுநோய் இருந்தது என்றால் தள்ளிப்போடாமல் பார்க்க வேண்டும். நம் நாட்டில் முதுகெலும்பில் காசநோய் வருவது அபூர்வமில்லை. சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் காசநோய் மாத்திரைகளாலேயே குணமாகிவிடும்.

சரி, மூன்றும் பொருந்துகின்றன, நரம்பு அழுந்துவது உறுதி. உடனே ஆபரேஷனா? இங்கே பலருக்கும் தெரியாத ஒரு செய்தி இருக்கிறது. பிதுங்கிய டிஸ்க் தானாகவே சுருங்கும். வெளியே வந்த துண்டை உடல் அந்நியப் பொருளாகப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது. சின்ன உப்பலைவிட, வளையத்தைக் கிழித்துக்கொண்டு முழுதாக வெளியே வந்துவிட்ட பெரிய துண்டுகளே அதிகம் கரைகின்றன என்பது இன்னும் ஆச்சரியம். படத்தில் பெரிதாக இருப்பதாலேயே ஆபரேஷன் தவிர்க்க முடியாதது என்று ஆகிவிடாது.

நெதர்லாந்தில் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். 2007-இல் வெளியான அந்த ஆய்வில், 6 முதல் 12 வாரம் வரை கடுமையான சயாட்டிகாவால் தவித்த 283 பேர் இருந்தார்கள். ஒரு பாதியினருக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மறுபாதியினருக்கு மருந்து, ஆலோசனையுடன் காத்திருப்பு, தாங்க முடியாவிட்டால் மட்டும் ஆபரேஷன். சீக்கிரம் செய்துகொண்ட பிரிவில் பாதிப் பேர் நான்கு வாரத்துக்குள் தேறிவிட்டார்கள். காத்திருந்தவர்களுக்கு அது பன்னிரண்டு வாரம் பிடித்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறிவிட்டதாகச் சொன்னார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் அந்த ஒரு வருடத்துக்குள் கடைசியில் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இதை நான் புரிந்துகொள்கிற விதம் இது. நரம்பில் பலவீனம் கூடிக்கொண்டே போகவில்லை என்றால், ஆபரேஷன் வாங்கித் தருவது நேரம். வலியிலிருந்து சில மாதங்கள் முன்கூட்டி விடுதலை. கைக்குழந்தையோடு இருக்கும் தாய்க்கும், ஓட்டினால்தான் வருமானம் என்றிருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் அந்தச் சில மாதங்கள் ரொம்பப் பெரியவை. ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவர், வலி வாரத்துக்கு வாரம் குறைந்து வருவதைப் பார்ப்பவர், காத்திருக்கலாம். இரண்டுமே சரியான முடிவுகள்தான். யாருக்கு எது என்பதை ஸ்கேன் சொல்லாது, அவரவர் வாழ்க்கைதான் சொல்லும்.

காத்திருப்பது என்றால் கட்டிலில் கிடப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வலி உச்சத்தில் இருக்கும் ஓரிரு நாள் படுத்தால் தப்பில்லை. அதற்கு மேல் படுத்தே கிடப்பது தசைகளை வலுவிழக்கச் செய்யும். முடிந்த அளவு நடப்பது, டாக்டர் கொடுக்கும் வலி மாத்திரை, பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தரும் பயிற்சி, தேவைப்பட்டால் நரம்பு வேரின் பக்கத்தில் போடும் ஸ்டீராய்டு ஊசி. இந்த ஊசி பிதுக்கத்தைச் சரிசெய்யாது. அழற்சியைத் தணித்துக் கொஞ்ச காலம் கால் வலியைக் குறைக்கும், அந்த இடைவெளியில் இயற்கை தன் வேலையைப் பார்க்கும். இடுப்பு பெல்ட்டை மாதக்கணக்கில் கழற்றாமல் போட்டுக்கொண்டிருப்பதால் லாபம் ஒன்றும் இல்லை.

காத்திருக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. இதை மட்டும் வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சைக்கிளில் உட்கார்ந்தால் சீட்டில் படும் பகுதி, அதாவது பிறப்புறுப்பு, ஆசனவாய், உள்தொடை, திடீரென்று மரத்துப்போகிறது. சிறுநீர் முட்டியும் வரவில்லை, அல்லது வருவதே தெரியாமல் போகிறது. மலம் அடக்க முடியவில்லை. இரண்டு காலும் ஒரே நேரத்தில் பலம் இழக்கின்றன. கால்வாயின் அடியில் இருக்கும் நரம்புக் கற்றை முழுவதும் நசுங்குவதன் அடையாளங்கள் இவை. ராத்திரி இரண்டு மணியானாலும் உடனே நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதல் ஒன்றிரண்டு நாளுக்குள் அழுத்தத்தை எடுக்காவிட்டால் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போய்விடக்கூடும். வெட்கப்பட்டு இதை வெளியே சொல்லாமல் இருப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு தானாகக் கழன்று விழுவது, நாளுக்கு நாள் பலம் குறைவது ஆகியவற்றுக்கு அந்த அளவு அவசரம் இல்லாவிட்டாலும், வாரக்கணக்கில் தள்ளிப்போடுவது சரியில்லை.

ஆபரேஷன் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் மூன்று வகைகள் முக்கியமானவை. டிஸ்க் பிதுக்கத்துக்குச் செய்வது மைக்ரோ டிஸ்கெக்டமி. மயக்கம் கொடுத்துக் குப்புறப் படுக்க வைப்பார்கள். முதலில் எக்ஸ்ரே கருவியை மேலே நிறுத்தி, எந்த மட்டம் என்று உறுதி செய்வார்கள். கீழ் முதுகின் நடுவில் ஓர் அங்குல அளவுக்குத் தோலைக் கீறி, தசையை ஒரு பக்கம் ஒதுக்கி, மைக்ரோஸ்கோப்பை மேலே கொண்டுவருவார்கள். எலும்பில் ஒரு சிறு பகுதியையும் மஞ்சள் நிறத் தசைநாரையும் எடுத்தால் நரம்பு வேர் தெரியும். அதை மெல்ல ஓரமாக விலக்கிப் பிடித்துக்கொண்டு, அடியில் இருக்கும் டிஸ்க் துண்டை இடுக்கியால் பிடித்து எடுப்பார்கள். முழு டிஸ்கையும் எடுப்பதில்லை. பிதுங்கிய துண்டு மட்டும்தான் வெளியே வருகிறது, மீதி உள்ளேயே இருக்கும். அன்றோ மறுநாளோ நடக்க வைப்பார்கள். எண்டோஸ்கோப் வழியாகச் செய்தாலும் நோக்கம் இதேதான். தழும்பு எவ்வளவு சின்னது என்பதை வைத்து ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த டாக்டருக்கு எந்த முறை நன்றாகக் கைவந்திருக்கிறது என்பதே பெரிது.

இரண்டாவது, வயதானவர்களுக்கு வரும் பாதைக் குறுகலுக்கானது. எலும்பும் தசைநாரும் தடித்து, கால்வாய் நெருக்கமாகிவிடும். இவர்களுக்கு உட்கார்ந்திருந்தால் ஒன்றும் செய்யாது. தெருமுனை வரை நடந்தால் இரண்டு காலும் கனத்து, மரத்துவிடும். குனிந்து நின்றாலோ திண்ணையில் உட்கார்ந்தாலோ சரியாகிவிடும். நடக்க முடியாதவர் சைக்கிளில் தாராளமாகப் போவார், ஏனென்றால் முன்னால் சாயும்போது கால்வாய் கொஞ்சம் அகலமாகிறது. கால் ரத்தக்குழாய் அடைப்பிலும் நடந்தால் வலி வரும் என்பதால், பாதத்தில் நாடி துடிக்கிறதா என்று பார்த்து அதைத் தனியாகப் பிரித்தறிய வேண்டும். பாதைக் குறுகல்தான் என்றால் பின்பக்க எலும்பையும் தடித்த தசைநாரையும் எடுத்து இடம் உண்டாக்குவார்கள். லேமினெக்டமி என்பது இது.

மூன்றாவது, ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து இரண்டு எலும்புகளை ஒன்றாகச் சேர்த்துவிடும் ஃபியூஷன். செலவும் ரத்த இழப்பும் தேறும் காலமும் இதில்தான் அதிகம், கேள்விகளும் இதில்தான் அதிகம் கேட்க வேண்டும். ஓர் எலும்பு இன்னொன்றின் மேல் நிலையில்லாமல் நழுவிக்கொண்டிருந்தால், எலும்பு முறிந்திருந்தால், நரம்பை விடுவிக்க மூட்டையே பெரிதும் வெட்ட வேண்டியிருந்தால் ஃபியூஷனுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் பாதைக் குறுகல் உள்ள 247 பேரிடம் ஸ்வீடனில் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், அழுத்தத்தை மட்டும் எடுத்தவர்களைவிட ஃபியூஷனும் சேர்த்துச் செய்துகொண்டவர்கள் இரண்டு வருடம் கழித்து மேலான நிலையில் இல்லை. எலும்பு கொஞ்சம் நழுவியிருந்தவர்களிடமும் அப்படித்தான். வெறும் நாள்பட்ட முதுகு வலிக்கு ஃபியூஷன் செய்வதைப் பிரிட்டனில் தீவிரப் பயிற்சி சிகிச்சையோடு ஒப்பிட்டு 2005-இல் வெளியிட்டார்கள். அதில் 349 பேர். இரு பிரிவினரும் தேறினார்கள். ஃபியூஷன் பக்கம் தெரிந்த கூடுதல் பலன், அதன் ஆபத்தையும் செலவையும் நியாயப்படுத்தும் அளவுக்கு இல்லை. அதனால் கால் வலி இல்லாமல், எலும்பு நழுவாமல், முதுகு வலிக்கு மட்டும் ஸ்க்ரூ வைக்கலாம் என்று ஒருவர் சொன்னால், என் வீட்டு மனிதரை நான் அவசரப்பட்டுச் சம்மதிக்க விடமாட்டேன்.

டாக்டரிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். எனக்கு எந்த நரம்பு அழுந்துகிறது? ஆபரேஷனுக்குப் பின் கால் வலி, முதுகு வலி, மரத்துப்போவது, பலவீனம் ஆகிய நான்கும் தனித்தனியாக என்ன ஆகும்? ஆறு வாரம் காத்திருந்தால் எதை இழப்பேன்? ஸ்க்ரூ வைப்பீர்கள் என்றால், வைக்காமல் ஏன் முடியாது? இந்த ஆபரேஷனை நீங்கள் எவ்வளவு அடிக்கடி செய்கிறீர்கள்? இப்படிக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று நம்மில் பலர் வாயைத் திறப்பதில்லை. நல்ல அறுவை சிகிச்சை நிபுணர் இவற்றை எதிர்பார்த்தே இருப்பார். இரண்டாவது அபிப்பிராயத்துக்குத் தனியாரிடம் பணம் செலவழிக்க முடியாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவிலோ எலும்பியல் பிரிவிலோ ஸ்கேன் படத்தோடு போய்க் காட்டலாம்.

ஆபத்துகளையும் முழுதாகக் கேட்டுவிடுங்கள். நரம்பு உறை கிழிந்து உள்ளிருக்கும் நீர் கசியலாம். பெரும்பாலும் அங்கேயே தைத்துவிடுவார்கள், கொஞ்ச நாள் தலைவலி இருக்கும். சீழ் பிடிக்கலாம், காலில் ரத்தம் உறையலாம், அரிதாக நரம்பு காயப்படலாம். டிஸ்கெக்டமி செய்த இடத்திலேயே மீண்டும் பிதுங்குவது அவ்வளவு அரிதில்லை, சிலருக்கு மறு ஆபரேஷன் தேவைப்படும். ஃபியூஷன் செய்தால் எலும்பு சேராமல் போகலாம், வருடங்கள் கழித்து மேலேயோ கீழேயோ அடுத்த டிஸ்க் பழுதடையலாம்.

இந்த ஆபத்துகளில் சிலவற்றைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. சர்க்கரை ஏறியிருந்தால் சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடும், அதனால் மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பார்த்துக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டுத் தேதி குறிக்கலாம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஃபியூஷன் எலும்பு சரியாகச் சேர்வதில்லை, பல வாரங்கள் முன்பே நிறுத்திவிட வேண்டும். இதயத்துக்காக ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதை இதய டாக்டரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது.

செய்துகொள்வது என்று முடிவாகிவிட்டால், பிறகு வரும் நாட்களைப் பற்றியும் இப்போதே பேசி வைப்பது நல்லது. நரம்பு விடுபட்டதும் காலில் ஓடும் வலி பலருக்கு மயக்கம் தெளிந்த அன்றே குறைந்துவிடும். மரத்துப்போனது அப்படிக் குறையாது, மாதக்கணக்கில் ஆகலாம், கொஞ்சம் மீதியும் இருந்துவிடலாம். ரொம்ப நாள் அழுந்திக் கிடந்த நரம்பின் பலமும் முழுதாகத் திரும்பும் என்று யாரும் உறுதி தர முடியாது. டிஸ்கெக்டமி செய்துகொண்டவர்கள் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குச் சில வாரங்களில் போய்விடலாம். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை ஆகியவற்றைக் குறைந்தது ஆறு வாரம் தொடக் கூடாது. வயல் வேலை, சுமை தூக்கும் வேலை செய்பவர்களுக்கு மூன்று மாதம் வரை பிடிக்கலாம். ஃபியூஷன் என்றால் எலும்பு கெட்டிப்படவே ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். அந்த நாட்களில் வீட்டு வேலையை யார் பார்ப்பது, சம்பளம் நின்றால் எப்படிச் சமாளிப்பது, மாடிப்படி ஏறாமல் எங்கே படுப்பது என்பதையெல்லாம் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். வீடு திரும்பிய பிறகு தையலிலிருந்து தண்ணீர் மாதிரி கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, உட்கார்ந்தால் தலைவலி கூடிப் படுத்தால் குறைந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே ஆபரேஷன் செய்த டாக்டரைக் கூப்பிடுங்கள்.